ஹட்டன் குளிரில் பங்காய் குஞ்சு: கேள்வி பதில்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் கடல்மீன் வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார்கள். குஞ்சும் எடுக்கிறேன் என்றால் சிரிப்பு நின்று கேள்வி தொடங்கிவிடும். அப்படிச் சேர்ந்த கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் பங்காய் கார்டினல் பற்றியவை. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகளும், நீண்ட கறுப்புச் செட்டைகளில் வெள்ளைப் புள்ளிகளும் உள்ள விரல் நீள மீன் அது. (மாங்காயா என்று கேட்காதவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.)

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: கடல்மீன் வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்காது என்றுதான் கேள்விப்பட்டேன். இது மட்டும் எப்படி, அண்ணே?

பொரிக்காது என்பது சரியில்லை, தம்பி. முட்டை போடும் கடல்மீன்கள் நிறைய உண்டு. முட்டையிலிருந்து வருவதைப் பிழைக்க வைப்பதுதான் பாடு. பெரும்பாலான இனங்களின் குஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில், கடலோடு மிதந்து திரியும் பருவம் ஒன்றைக் கடக்க வேண்டும். அதற்கு அதைவிடச் சின்ன உயிருள்ள தீனி வேண்டும். அதை வளர்ப்பது தனி வேலை.

பங்காய்க்கு அந்தப் பருவமே கிடையாது. பெண் மீன் விடும் முட்டைக் கொத்தை ஆண் மீன் வாயில் வாங்கிக்கொள்ளும். முட்டை ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இருக்கும். சுமார் 20 நாளில் வாய்க்குள்ளேயே பொரிக்கும். பொரித்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் உள்ளேயே வைத்திருக்கும். வெளியே வரும்போது பட்டை, புள்ளி எல்லாவற்றோடும் அப்பாவின் குட்டிப் பதிப்பாகத்தான் வரும். அன்றைக்கே சாப்பிடவும் செய்யும். ஒரு தடவைக்கு நாற்பது குஞ்சு என்றால் நல்ல விளைச்சல்.

நுவரெலியாவிலிருந்து ஒரு டீச்சர்: எங்கள் வீட்டில் ஜனவரி இரவில் கைகழுவும் தண்ணீரே பனிக்கட்டி மாதிரி. இந்த மீன் தாங்குமா?

குளிர்ந்த தண்ணீரில் தாங்காது டீச்சர். 25, 26 பாகை வேண்டும். அதைவிட முக்கியம், அது பகலிலும் இரவிலும் ஏறி இறங்காமல் இருப்பது.

பெரிய ஹீட்டர் ஒன்றை நம்பாதீர்கள். 100 லீட்டர் தொட்டிக்கு 100 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதாகி நின்றால் மற்றது காப்பாற்றும். ஒன்று அணையாமல் ஓடினாலும் மீன் வேகும் அளவுக்குச் சூடேறாது. தொட்டியின் பின்பக்கம், இரு பக்கம், அடி எல்லாவற்றுக்கும் ஒரு அங்குல ரிஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) ஒட்டுங்கள். மேலே கண்ணாடி மூடி. நான் முதல் வருடம் மூடி போடவில்லை. ஹீட்டர் ஓயாமல் எரிந்தது, சுவரெல்லாம் உப்பு பூத்தது, கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் என்னோடு இரண்டு நாள் பேச்சில்லை.

இன்னொன்று, மலைக்கே உரியது. உங்கள் ஊர் 1800 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். நானுஓயா ஆற்று மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் அதை ஈடுகட்டிக் கொடுக்கிறது. நாமோ தண்ணீரைச் சூடாக்கி, உப்பும் போடுகிறோம், இரண்டுமே ஒட்சிசனைக் குறைக்கும். அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விட்டு, மேற்பரப்பு நன்றாகக் கலங்குகிற மாதிரி ஏர் பம்ப் போடுங்கள். கொழும்புக்காரர் சொல்லும் மீன் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

பண்டாரவளை, ஒரு ஐயா: உப்புத் தண்ணீருக்கு என்ன வழி? புத்தளம் உப்பைக் கரைத்தால் போதாதா?

போதாது ஐயா. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது கல்சியம் முதல் பாத்திகளிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். உப்பு விளைந்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மக்னீசியம் போய்விடும். நமக்குக் கிடைப்பது சோற்றுக்கு நல்ல உப்பு. மீனுக்கு அது பாதிக் கடல்கூட இல்லை. கடல்தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை வாங்கி, லீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கரைத்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள்.

வான் வைத்திருப்பவர்கள் கேனில் கடல்நீரே கொண்டுவருகிறார்கள். செய்யலாம். ஆனால் மே முதல் மேற்குக் கரையில், அதிலும் களனி கங்கை கடலில் விழும் பக்கத்தில், எடுக்காதீர்கள். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் பெய்த மழைதான் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா வழியாகக் களனியில் சேர்ந்து அங்கே கடலில் விழுகிறது. நம் தண்ணீரை நாமே கேனில் அள்ளி மலையேற்றி என்ன பயன்? அந்த மாதங்களில் திருகோணமலைப் பக்கம் தெளிவாக இருக்கும்.

நோர்வூட், தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி: எங்களுக்கு மலையிலிருந்து ஓடி வரும் பீலித் தண்ணீர்தான். கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் உப்பைக் கலக்கலாமா?

பீலிக்கு மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காடு என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தேயிலை மலை என்றால் யோசிக்க வேண்டும். கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செம்பு மருந்து அடிப்பார்கள், அப்புறம் யூரியா வேறு. செம்பு கொஞ்சம் இருந்தாலே கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளுள்ள உருண்டையான கடல் பிராணி), இறால், நத்தை எல்லாம் போய்விடும். மீன் தாங்கும், அதனால் நமக்குத் தெரியாமலே போகும். நான் கூரைத் தண்ணீரைப் பிடிக்கிறேன். மழை தொடங்கி அரைமணி நேரம் போனபின் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து, கரித் துண்டு போட்ட பில்டரில் விட்டு எடுப்பேன். நம் மலையில் மழைக்கா பஞ்சம்?

கம்பளை: ஜோடி எப்படிப் பிடிப்பது? கடையில் ஆணையும் பெண்ணையும் பிரித்துத் தர மாட்டார்களாம்.

கடைக்காரருக்கும் தெரியாது. செட்டை நீளத்தை வைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். குட்டியாக ஐந்தாறு வாங்கி ஒன்றாக விடுங்கள். சில மாதத்தில் இரண்டு மீன் மற்றவற்றை ஒரு மூலைக்குத் துரத்திவிட்டு ஒன்றாகவே நிற்கும். அதுதான் ஜோடி. அன்றைக்கே மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், நாளைக்கு என்று விட்டால் செத்துக் கிடக்கும். சாந்தமான முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வாங்கும்போது உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீன் வேண்டாம். தொட்டியில் பிறந்தது கிடைத்தால் அதையே எடுங்கள். கடலில் பிடித்தது பல கை மாறி, பட்டினி கிடந்து, நோயோடு வரும்.

கொழும்பிலிருந்து மேலே கொண்டுவருபவர்களுக்கு: மலை ஏற ஏற மீன் போட்ட பை ஊதிப் பெருக்கும். கடுகண்ணாவையைத் தாண்டும்போதே பலூன் மாதிரி ஆகிவிடும். காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். பையை ரிஜிபோம் பெட்டியில் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பேப்பரில் சுற்றி வைத்தால் இரவு ரயிலிலும் பயமில்லை.

பதுளை, ஒரு அக்கா: ஆண் மீன் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. நாடி வீங்கியிருக்கிறது. மருந்து போடவா?

ஐயோ, போடாதீர்கள் அக்கா! அது நோயில்லை, பத்தியம். வாயில் முட்டை இருக்கிறது. ஒரு மாதம் ஒன்றும் சாப்பிடாது. நாடி சதுரமாகத் தொங்கும், அவ்வப்போது வாயை அசைத்து முட்டைக் கொத்தை உருட்டி எடுக்கும். தீனி விழுந்தால் பார்க்கும், கிட்டே வரும், திரும்பிப் போய்விடும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, சிறுவர்கள் கண்ணாடியில் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்காரன் ஒரு வாரத்தில் முட்டையை விழுங்கிவிடுவது சாதாரணம். இரண்டு, மூன்று தடவை போனபின் பழகிவிடும். திகதியை மட்டும் கலண்டரில் குறித்து வையுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

20 நாள் கழிந்ததும் ஆண் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றலாம். வலையால் பிடிக்கக் கூடாது. என் முதல் ஆண் மீனை வலையால் பிடித்தேன், வலைக்குள்ளேயே எல்லாவற்றையும் துப்பிவிட்டது. விளக்கை அணைத்து, தெளிவான பிளாஸ்டிக் ஜக் ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனைத் தண்ணீரோடு சேர்த்து அதற்குள் மெதுவாக ஓட்டுங்கள்.

அதே அக்கா: குஞ்சு வரும் நாளை எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசி வாரத்தில் மங்கலான டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஆண் மீன் வாயைத் திறக்கும் அந்த ஒரு நொடியில், உள்ளே கடுகு தாளித்த மாதிரி கண்கள் தெரியும். எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். போன தடவை 28ஆம் நாள் இரவு அதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் முள்ளுக் கூட்டத்துக்குள் 37 குஞ்சு, ஒவ்வொன்றும் ஒரு முள்ளைப் பிடித்த மாதிரி அசையாமல் நின்றன.

அந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலில் இவை நீண்ட முள்ளுள்ள கறுப்பு முள்ளெலிக்குள்தான் ஒளிந்து வளரும். வீட்டில் கறுப்பு கேபிள் டை நாற்பது, ஐம்பதை ஒரு பிளாஸ்டிக் பந்தில் குத்தி நிறுத்தினால் போதும். குஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. அது இல்லையென்றால் பெரிய மீன் ஒவ்வொன்றாகத் தின்றுவிடும்.

ஹப்புத்தளை: குஞ்சு பிறந்து பத்து நாள் நன்றாக இருந்தது. விளக்கைப் போட்டதும் சில சுழன்று, விறைத்துச் செத்தன. என்ன பிழை?

தீனிப் பிழை. பயந்து சாகிற மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு முன்பே உடம்பில் சத்து வற்றியிருக்கும். பொரித்த ஆர்டீமியா (உப்பு நீரில் வாழும், இறால் இனத்துப் பொடிப் பிராணி) மட்டும் கொடுத்திருப்பீர்கள். அதில் டிஎச்ஏ என்ற கொழுப்பு அநேகமாக இல்லை. கடல் குஞ்சுக்கு அது இல்லாமல் முடியாது.

ஆர்டீமியா முட்டையிலிருந்து வந்த உடனே அதற்கு வாயே திறக்காது. அப்போது சத்து மருந்தைக் கலந்தால் வீண். எட்டு, பத்து மணி நேரம் கழித்து வாய் திறந்தபின் கலந்து, இன்னும் சில மணி நேரம் விட்டு, நன்றாக அலசிக் கொடுங்கள். முதல் இரண்டு நாள் புதிதாய்ப் பொரித்தது, அப்புறம் தினமும் சத்தேற்றியது. இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், திடீரென்று வெளிச்சம் அடிக்க வேண்டாம்.

ஹப்புத்தளைக் குளிரில் ஆர்டீமியா பொரிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 27 பாகையில் ஒரு நாளில் பொரிப்பது, நம் அறைச் சூட்டில் இரண்டு நாள் இழுக்கும், பாதி வராது. தனி ஹீட்டர் வேண்டாம். சோடாப் போத்தலில் வைத்து, அதை மீன் தொட்டிக்குள்ளேயே கழுத்துவரை இறக்கிக் கட்டிவிடுங்கள். இதற்குப் புத்தளம் உப்பே போதும் ஐயா (பண்டாரவளை ஐயாவுக்குச் சொல்கிறேன்): லீட்டருக்கு 25, 30 கிராம், ஒரு சிட்டிகை அப்பச்சோடா, நல்ல காற்று, வெளிச்சம்.

மீன் வாங்கும் முன்பே இதைப் பழகுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ஒரு மாதம் தினமும் ஆர்டீமியா பொரிக்க முடிந்தவரால் பங்காய்க் குஞ்சு வளர்க்க முடியும். முடியாதவர் எவ்வளவு நல்ல ஜோடி வைத்திருந்தும் பயனில்லை.

மஸ்கெலியா: கரண்ட் போனால்?

பெட்டரி ஏர் பம்ப், தொட்டிக்கு மேல் கம்பளி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை வெட்டினார்களே, அப்போது சுடுதண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டேன். தப்பின.

காசல்ரீ பக்கத்திலிருந்து: எங்கள் குளத்து ஜப்பான் மீனும் வாயில்தானே குஞ்சு வைக்கும்?

ஆமாம், திலாப்பியா. அதில் அம்மா வைக்கும், இதில் அப்பா. 1950களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. அப்பா சுமப்பதைக் கறிச்சட்டியிலும் பார்க்கலாம்: கடல் கெளிறு வாங்கும்போது சில சமயம் வாயில் கோலிக்குண்டு மாதிரி முட்டை இருக்கும், அதுவும் ஆண்தான். பைஜாமா கார்டினல் என்று கடையில் விற்பதும் வாயில்தான் அடைகாக்கும். ஆனால் ஒரு வாரத்திலேயே தூசு மாதிரிக் குஞ்சை வெளியே விட்டுவிடும். ஆரம்பக்காரருக்கு வேண்டாம்.

கண்டி: இதில் காசு பார்க்கலாமா? மிஞ்சினால் கடலில் விடலாமா?

கரண்ட் செலவுக்கு வந்தால் சந்தோஷப்படுங்கள். கடலில் விடவே கூடாது. இந்த மீனின் சொந்த இடம் உலகத்திலேயே இந்தோனேசியாவில் சுலாவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய்த் தீவுகளும் அவற்றை ஒட்டிய கொஞ்ச இடமும்தான். குஞ்சு மிதந்து போகாததால் தானாகப் பரவவில்லை. தொட்டி வியாபாரத்துக்காக அள்ளி அள்ளி, 2007இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் ஏறிவிட்டது. வியாபாரிகள் வழியில் தப்பிய மீன் லெம்பே நீரிணையில் பெருகிய கதையும் உண்டு. மிஞ்சியதை வளர்ப்பவருக்குக் கொடுங்கள். எனக்கும் ஒரு ஜோடி அப்படித்தான் வந்தது.

கொட்டகலையிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளை: அப்பா மீன் எப்போது சாப்பிடும், மாமா?

குஞ்சை விட்ட அன்றைக்கே, மகள். முதலில் சின்னதாய் வெட்டிய இறால் சதை, கொஞ்சமாக, நாளைக்கு நான்கு தடவை. அம்மா மீன் உடனே அடுத்த முட்டையோடு வந்து நிற்கும், அதற்கு அவசரம். நடுவில் கண்ணாடித் தடுப்பு ஒன்றைப் போட்டு, அப்பா மீனின் வயிறு மறுபடி உருண்டு வரும்வரை எடுக்காதே.