காலில் சுட்டால் போதாதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்ட நாளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நுரையீரலில் குண்டு தைத்த எழுபது வயதுக்காரர் தானே காரிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் நடந்துபோனார் என்பதை நம்பவே முடியவில்லை.

நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நண்பர்கள் எல்லோரும் கைத்துப்பாக்கி வாங்கச் சொல்கிறார்கள். மனைவிக்கு விருப்பமில்லை. எனக்கும் ஓர் உயிரைப் பறிக்கும் எண்ணம் துளியும் கிடையாது. வேறு வழியில்லாமல் போனால் காலில் சுட்டு நிறுத்திவிடலாம், ஆள் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். ஊரில் போலீஸார் ரவுடிகளை அப்படித்தானே பிடிக்கிறார்கள்? குண்டடி பட்டவர்கள் உண்மையில் எந்த அளவுக்குப் பிழைக்கிறார்கள்?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறர் சுட்டுக் காயமடைகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர். நம் ஊரிலேயே, 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் மிக அருகிலிருந்து குண்டு பாய்ந்தது. அவரைச் சுட்ட எம்.ஆர்.ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆர். அதன்பின் இருபது ஆண்டுகள் இருந்தார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்கள் கணக்கு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது: சுட்டால் ஆள் நின்றுவிடுவான், காலில் பட்டால் சாகமாட்டான். இரண்டும் பொய்த்துப்போன சம்பவங்கள் மயாமியின் தென்புறநகரிலேயே நடந்திருக்கின்றன.

1986 ஏப்ரல் 11. பிளாட், மாட்டிக்ஸ் என்ற இரண்டு வங்கிக் கொள்ளையர்களின் காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வழிமறித்தார்கள். காரின் ஜன்னல் வழியாக பிளாட் வெளியே ஏறிக் குதிக்கும்போது ஜெர்ரி டவ் என்ற அதிகாரி சுட்ட 9 மி.மீ. குண்டு அவனது வலது மேற்கையைத் துளைத்து, விலாவுக்குள் புகுந்து, வலது நுரையீரலைச் சுருங்கவைத்து, இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்த ஒரு காயமே அவன் உயிரைக் குடிக்கப் போதுமானது. ஆனால் அது உடனே குடிக்கவில்லை. நெஞ்சுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருக்க, அவன் தொடர்ந்து சுட்டான். டவ்வையும் கிரோகன் என்ற இன்னொரு அதிகாரியையும் கொன்றான். ஐந்து அதிகாரிகள் காயமடைந்தார்கள். அவன் சாகும்போது உடலில் பன்னிரண்டு காயங்கள் இருந்தன.

இதன்பின் எஃப்.பி.ஐ. மருத்துவர்களையும் குண்டுக்காய ஆய்வாளர்களையும் கூட்டி வைத்து யோசித்தது. 1989-இல் வெளியிட்ட அறிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது: இதயமே சிதைந்துபோனாலும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைக் கொண்டு ஒருவன் 10 முதல் 15 விநாடிகள் தான் நினைத்ததைச் செய்ய முடியும். மூளையிலோ தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ பட்டால்தான் ஆள் அந்தக் கணமே விழுவான். மற்றபடி விழுகிறவர்கள் வலியால், பயத்தால், சுடப்பட்டோம் என்ற அதிர்ச்சியால் விழுகிறார்கள். போதையிலோ வெறியிலோ இருப்பவனுக்கு அது எதுவும் உறைக்காமல் போகலாம். குண்டு பட்டதும் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவது திரைப்படத்தில் மட்டும்தான். சுடுபவரின் கையைத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கிறதோ, அதற்கு மேல் குண்டு எதிராளியைத் தள்ளிவிட முடியாது.

இனி கால். 2007 நவம்பர் 26 அதிகாலை, மயாமி அருகே பால்மெட்டோ பே பகுதியில், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஷான் டெய்லரின் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். படுக்கையறை வாசலில் அவரது தொடையில் குண்டு பாய்ந்தது. இருபத்துநான்கு வயது, இரும்பு போன்ற உடம்பு. மறுநாள் இறந்துபோனார். குண்டு தொடைத் தமனியைக் கிழித்திருந்தது.

உங்கள் தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் விரலை அழுத்திப் பாருங்கள், துடிப்பு தெரியும். அதுதான் அந்தத் தமனி. நம் உடலில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். அந்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். காயம் தொடையின் நடுவில் என்றால் அதற்கு மேலே பட்டையால் இறுக்கிக் கட்டலாம். மடிப்பிலேயே என்றால் கட்டவும் இடமில்லை. துணியைக் காயத்துக்குள் திணித்து, முழு உடல் எடையையும் போட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னாலும் இதே தமனிதான் ஓடுகிறது. அங்கே அறுந்தால் உயிர் தப்பினாலும் கால் போகலாம்.

"முழங்காலுக்குக் கீழே சுட்டுப் பிடித்தனர்" என்று நம் நாளிதழ்களில் வருவது போலீஸார் சொல்லும் விவரம். அதைச் சுடுவதற்கான பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருட்டில், கை நடுங்க, ஓடுகிற காலைக் குறிவைத்தால் குண்டு பெரும்பாலும் தவறிப்போகும். உங்கள் ஊர் வீடுகளில் அறைக்கு அறை ஜிப்சம் பலகைச் சுவர். தவறிய குண்டு அதைத் துளைத்துக்கொண்டு குழந்தைகள் தூங்கும் அறைக்குப் போகும். அமெரிக்க போலீஸாருக்குப் பொதுவாகக் காலில் சுடப் பயிற்சி தருவதில்லை. எங்கே பட்டாலும் துப்பாக்கியால் சுடுவது உயிர்பறிக்கும் தாக்குதல்தான் என்பதே அங்குள்ள சட்டத்தின் பார்வையும்.

அப்படியானால் யார் பிழைக்கிறார்கள்? ரத்தக்குழாய் தப்பியவர்களும், ரத்தம் சீக்கிரம் நிறுத்தப்பட்டவர்களும். குண்டின் அளவுக்கும் பங்கு உண்டு. பாஸ்டன் நகரத் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், சிறிய குண்டைவிடப் பெரிய குண்டு பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. ரீகன் மீது பட்டது சிறிய .22 குண்டு, அதுவும் காரில் பட்டுத் தெறித்தது. அப்படியும் தன் ரத்தத்தில் பாதியை இழந்தார். பாதுகாவலர் வெள்ளை மாளிகைக்குப் போகாமல் மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பச் சொன்னதால் உயிரோடிருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் போலீஸார் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் குண்டடி பட்டவரைத் தங்கள் வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

ரீகன் சுடப்பட்ட அதே நாளில் தலையில் சுடப்பட்ட அவரது பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியும் பிழைத்தவர்தான். முப்பத்துமூன்று ஆண்டுகள் உடல் செயலிழப்போடு வாழ்ந்தார். 2014-இல் அவர் இறந்தபோது, அந்தப் பழைய காயமே காரணம், அது கொலை என்று மருத்துவ அதிகாரி பதிவு செய்தார்.

உங்கள் மனைவியின் தயக்கத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்தக் காயத்தில் பிழைப்பவர்கள் மிக அரிது. எனவே வாங்கினால் பூட்டி வையுங்கள். காலில் சுடலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் வாங்காதீர்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் 'ஸ்டாப் தி பிளீட்' வகுப்புக்கு இருவரும் போய்வாருங்கள். இறுக்குப் பட்டை ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் காரிலும் வையுங்கள். சாலை விபத்துக்கும் அது உதவும்.