துபாய் வீட்டுக்கு முன்பணம்: தரகர் ஊர்க்காரர் என்பது போதுமா?

அண்ணாச்சி, வணக்கம். துபாயில் கட்டுமானத்தில் இருக்கும் அடுக்ககத்தில் வீடு பார்த்திருப்பதாகவும், வீரவநல்லூர்க்காரரான தரகர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் போடச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அனுப்பாதீர்கள். பாளையங்கோட்டையில் மூன்று சென்ட் மனை வாங்குவதற்கே வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் நாம், கடல் கடந்த சொத்துக்கு ஊர்ப்பாசத்தை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

துபாய் நிலத் துறையில் பதிவு பெற்ற தரகருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, அத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் நீங்களே தேடி, பெயரும் நிறுவனமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நேர்மையான தரகர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதைவிட முக்கியம், பணம் போய்ச் சேரும் இடம். அங்குள்ள 2007-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டுக்கு வாங்குபவர் செலுத்தும் தொகை அந்தத் திட்டத்துக்கென்றே வங்கியில் திறக்கப்பட்ட எஸ்க்ரோ கணக்கில்தான் சேர வேண்டும். எனக்கு ஒரு தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தாளில் திட்டத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, கணக்கு எண்ணுக்கு நேரே, அவர் மனைவியின் பெயர் இருந்தது. நல்லவேளையாக, அந்தக் கடைசி வரியையும் படித்தேன்.

இந்தியாவிலிருந்து அனுப்புவதானால், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தில் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்தான் வரம்பு. அதையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். எஸ்க்ரோ கணக்கு எண்ணைத் தரகரிடம் கேட்காமல், கட்டுநரின் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.