உணவின் வழியே ஒரு நாட்டுப்புறம்

கேள்வி: அடுத்த விடுமுறையில் ஏதேனும் ஒரு நாட்டுப்புறப் பகுதியை, அங்கு விளைந்து தயாராகும் உணவின் வழியே அறிந்துகொள்ள விரும்புகிறோம். ‘உணவுப் பாதை’ என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்களே, அதைப் பின்பற்றி நாங்களே போகலாமா? வழிகாட்டியுடன் செல்லும் குழுவில் சேர்வதுதான் நல்லதா?
– வாசகர் ஒருவர்

பதில்: அதை முடிவு செய்யும் முன், எந்த மாதத்தில், எந்த வேளையில் அங்கே இருப்பீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உணவு ஆண்டு முழுவதும் கிடைக்கலாம். அது உருவாகும் வேலையை எப்போதும் காண முடியாது. வட இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் பாலாடைக்கட்டியைச் செய்யும் இடங்களில், முந்தைய மாலை கறந்து இரவெல்லாம் ஆடை படிய விட்டு, அந்த ஆடையை எடுத்துவிட்ட பாலோடு அன்று காலை கறந்த பாலைக் கலந்து செம்புக் கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். முக்கியமான வேலை முற்பகலிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். பிற்பகலில் போகிறவர்கள், குறைந்தது 12 மாதங்கள் முதிர வேண்டிய கட்டிகள் அலமாரிகளில் அடுக்கப்பட்டிருப்பதைத்தான் பார்ப்பார்கள். மத்தியத் தரைக்கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெய் ஆலைகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும்தான் மும்முரமாக ஓடுகின்றன. ஆல்ப்ஸ் மலையில் கோடையில் மாடுகளை உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்றுவிடுவதால், பல ஊர்களில் பாலாடைக்கட்டி செய்யும் வேலையும் அவற்றுடனேயே மலையேறிவிடுகிறது.

காலம் முடிவானபின், முதல் நாள் வழிகாட்டியுடனும் மற்ற நாட்களில் நீங்களாகவும் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஜெர்மனியில் 1935-இல் திறக்கப்பட்ட ஒயின் சாலையும், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953-இல் தொடங்கப்பட்ட சுமார் 170 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயின் பாதையும் போன்ற உணவுப் பாதைகள் ஊர்களை இணைத்து வழிகாட்டும். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அவை திறந்து வைப்பதில்லை. சிறு உற்பத்தியாளருக்கு நம்மை வரவேற்க வேண்டிய நேரமும் வயலில் நிற்க வேண்டிய நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது அவசியம். நல்ல வழிகாட்டி இந்த ஏற்பாட்டைச் செய்து தருவதோடு, மொழி தெரியாத நமக்காகக் கேள்விகளையும் கேட்பார். பணம் கட்டும் முன், அவர் அந்தப் பகுதியில் வாழ்பவரா, ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள், நம் கட்டணத்தில் உற்பத்தியாளருக்குப் பங்கு உண்டா என்று தயங்காமல் விசாரியுங்கள். ஒரே நாளில் ஏழெட்டு இடங்கள் என்று அடுக்கும் திட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று இடங்களே போதும்; அப்போதுதான் மண், தண்ணீர், கால்நடை, கூலி என்று பேச்சு விரியும். அந்தப் பேச்சுக்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்!

தங்குவதற்குப் பண்ணை வீடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இத்தாலியில் 1985-ஆம் ஆண்டு முதலே இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. விருந்தினரை ஏற்கும் குடும்பத்துக்கு வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மது சுவைக்கும் இடங்கள் வழியில் இருந்தால், வண்டி ஓட்டுபவர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். கால்நடைப் பண்ணைக்குள் நுழையும் முன், அதற்கு முன் வேறு பண்ணைக்குச் சென்றிருந்தால் அதைச் சொல்லிவிட்டு, காலணியைக் கழுவிக்கொள்ளுங்கள். கோமாரி நோய்க் கிருமி காலணியில் ஒட்டிய சேற்றோடும் சாணத்தோடும் ஒரு தொழுவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடியது.