பிறந்து பத்து நாளான குழந்தைக்குத் தாய்ப்பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஒன்றரை மணிக்கொரு தடவை அழுகிறான், பம்ப் வைத்தால் 20 மில்லிதான் வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்தப் பம்பை அலமாரிக்குள் வையுங்கள். குழந்தை உறிஞ்சி எடுப்பதைப் பம்பு அளந்து சொல்லாது. என் மூத்தவள் பிறந்தபோது நானும் நடுராத்திரியில் பாட்டிலை விளக்குக்கு நேரே பிடித்து, கோட்டை எண்ணி எண்ணி அழுதவள்தான்.

எண்ண வேண்டியது டயப்பரை. ஐந்தாம் நாளுக்குமேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாகக் கனக்க வேண்டும். மலம் கறுப்பு மாறி மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். முதல் சில நாள் எடை குறைவது சகஜம். 10 சதவீதத்துக்குமேல் குறைந்தால்தான் உடனே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டிப்பிடித்தால் கவலையில்லை. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பதும் வழக்கம்தான், உங்கள் ஒன்றரை மணிக் கணக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

என் சிக்கல் வேறு. குழந்தை வாயில் காம்பை மட்டும் திணித்துக்கொண்டிருந்தேன். வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்தது, அவளுக்கும் வயிறு நிறையவில்லை. ஒரு நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "காம்பை ஊட்டாதீங்கம்மா, மார்பை ஊட்டுங்க" என்றார். குழந்தையின் மூக்குக்கு நேரே காம்பு. மேலுதட்டில் லேசாக உரசிவிட்டு, கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நாம் குனியக் கூடாது. தாடை முதலில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். அன்றைக்குத்தான் 'க்ளக்' என்று அவள் முழுங்குகிற சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்.

தூக்கத்துக்கு ஆசைப்பட்டு இப்போதே ராத்திரிப் பாலை நிறுத்தாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். குழந்தை எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், மார்பில் தேங்கினால் குறையும். (சில வாரம் கழித்து மார்பு மிருதுவாகும். பால் வற்றிவிட்டது என்று அப்போதும் பயப்படாதீர்கள்.)

டயப்பர் மணிக்கணக்கில் காய்ந்தே கிடந்தாலோ, செங்கல் நிறக் கறை பட்டாலோ, உடம்பு மஞ்சள் கூடினாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கொஞ்ச நாள் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுங்கள். நானும் நாலு நாள் கொடுத்தேன்.