கண் கேள்வி பதில்: செத்த நரம்பு உயிர்க்குமா?

26 வருடம் வன்னியில் கண் கிளினிக்கில் நின்று ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. குளுக்கோமா முற்றிவிட்டது, போன பார்வை திரும்பாது என்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மம்மா வெண்புரை ஒப்பரேசன் செய்து இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறா. அப்பாவுக்கு மட்டும் ஏன் முடியாது? அம்மா தன்னுடைய ஒரு கண்ணைக் கொடுக்கவும் சம்மதம் என்கிறா. ஒரு நோவும் இல்லாமல் எப்படிப் பார்வை போனது?
— ஒரு மகள், ஒட்டுசுட்டான்

பதில்: மகள், உங்கள் அம்மா சொன்னதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியாமல் இருந்தேன்.

அம்மம்மாவுக்குப் பழுதானது கண்ணின் வில்லை. மங்கினால் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். குளுக்கோமா பார்வை நரம்பு தேயும் நோய். அதில் அப்பாவுக்குப் போனது உயிருள்ள நரம்புக் கலங்கள். விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கிற கோல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்புகள் 60 இலட்சம். அவை பிடித்ததை மூளைக்கு அனுப்புபவை திரட்டுக் கலங்கள். கங்கிலியன் கலங்கள் என்றும் சொல்வார்கள். ஒரு கண்ணுக்கு அவை பத்து இலட்சம் சொச்சம்தான். அதனால் வருவதையெல்லாம் அப்படியே கடத்தாமல், வெளிச்சம் எங்கே முடிந்து இருட்டு எங்கே தொடங்குகிறது, எது அசைகிறது, என்ன நிறம் என்று பிரித்து அனுப்புகின்றன.

ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஒரு நார் புறப்படுகிறது. எல்லா நார்களும் கண்ணின் பின்பக்கம் ஓரிடத்தில் கூடி, அரிதட்டு மாதிரித் துளையுள்ள ஒரு தட்டுக்குள்ளால் வெளியேறி மூளைக்குப் போகின்றன. அந்தக் கட்டுத்தான் பார்வை நரம்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடினால் நார்கள் நசிவது அந்த அரிதட்டில். நசிந்த நாரின் கலம் ஊட்டமில்லாமல் சாகிறது. செத்த கலம் மனிதரில் திரும்ப முளைப்பதில்லை. ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் கிளினிக்கில் கொடுக்கக்கூடிய வைத்தியம் இன்னும் வரவில்லை.

கண்தானம் என்றால் முழுக் கண்ணையும் மாற்றி வைப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய எங்கள் நாட்டுக் கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. அப்படி வரும் கண்ணிலிருந்து பார்வைக்காகப் பொருத்துவது முன்பக்கத்துக் கருவிழிப் படலத்தைத்தான். அந்தப் பத்து இலட்சம் நார்களையும் மூளையோடு திரும்பப் பொருத்திப் பார்வை கொடுக்க யாராலும் முடியவில்லை. அம்மாவிடம் இதை ஆறுதலாகச் சொல்லுங்கள்.

சரி, நோ இல்லாமல் எப்படிப் போனது? ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும், அதிலிருந்து எட்டு சென்ரிமீற்றர் வலப்பக்கம் ஒரு குங்குமப் பொட்டும் வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். ஓரடித் தூரமளவில் பொட்டு மறையும். நார்கள் வெளியேறும் இடத்தில் எல்லோருக்கும் அப்படியொரு குருட்டிடம் உண்டு. அங்கே கறுப்பாக எதுவும் தெரியாது, வெறும் தாள்தான் தெரியும். மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. குளுக்கோமாவிலும் ஓரப் பார்வை இப்படித்தான் சத்தமில்லாமல் போகிறது.

என்னுடைய அண்ணர் மாங்குளம் ரோட்டில் சைக்கிளில் போகும்போது இடப்பக்கம் நின்ற மாட்டில் மோதி விழுந்தார். “மாடு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது” என்றார். மாடு அங்கேதான் நின்றது. அதற்கு முன் இரண்டு வருடம், அரிவு வெட்டுத் தூசிக்குக் கண் சிவந்தால் ஒரு கடையில் சீட்டில்லாமல் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். அது ஸ்டீரொயிட் மருந்து. சிலருக்கு அது கண் அழுத்தத்தைக் கூட்டிவிடும். கண் கிளினிக்கில் வேலை செய்த நான் அந்தப் போத்தலை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அப்பாவுக்கு மிஞ்சியிருக்கிற கலங்களைக் காப்பாற்றலாம். சொட்டு மருந்தை ஒரு இரவும் தவறவிடக்கூடாது. கண்ணில் விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தொய்வு (ஆஸ்துமா) இருந்தால் வைத்தியரிடம் முதலே சொல்ல வேண்டும். குளுக்கோமாவுக்குக் கொடுக்கும் ரிமோலோல் என்ற சொட்டு அவர்களுக்கு மூச்சை இறுக்கும். குளிரில் வைக்கச் சொன்ன மருந்தை, குளிர்பெட்டி இல்லாவிட்டால், இன்சுலினுக்குச் செய்வது போல ஈரமணல் முட்டியில் வைக்கலாம்.

அப்புறம் நீங்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கூட. நீங்களும் சகோதரங்களும் போய்ச் சோதியுங்கள். கண் அழுத்தம் வழமையான அளவான 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசத்துக்குள் இருந்தாலும் சிலருக்கு நரம்பு தேயும். ஆகையால் கண்மணியை விரித்து நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முருங்கையிலையும் கரட்டும் சாப்பிட்டால் குளுக்கோமா மாறுமா?
— விசுவமடு வாசகர்

பதில்: மாறாது. அவற்றிலிருந்து கிடைக்கும் விற்றமின் ஏ கோல்களுக்கு வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். சாப்பிடுங்கள், ஆனால் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்குப் போரில் இரண்டு கண்ணும் போய், எடுத்துவிட்டார்கள். சில கிழமை நன்றாக நித்திரை கொள்கிறார். சில கிழமை விடிய விடிய முழித்திருந்து பகலில் தூங்குகிறார். யோசினை கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
— புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, யோசினையும் இருக்கலாம். ஆனால் உடம்பிலும் ஒரு காரணம் உண்டு. திரட்டுக் கலங்களில் மிகச் சில, கோல் கூம்பு இல்லாமல் தாங்களே வெளிச்சத்தை உணரும். 2002 அளவில்தான் இது தெளிவாகத் தெரிய வந்தது. பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்பவை அவைதான். கண்ணே இல்லாதபோது அந்தச் செய்தி போவதில்லை. அந்தக் கடிகாரம் சரியாக 24 மணித்தியாலத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப் பிந்தி, ஒரு கட்டத்தில் இரவு பகலாகிவிடும், பிறகு திரும்பச் சரிவரும். அவரை ஏசாதீர்கள்.

ஒரு கலண்டரில் அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழும்பினார் என்று இரண்டு மாதம் குறியுங்கள். எழும்புகிற நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் ஒரேயளவில் வையுங்கள். பிறகு அந்தக் கலண்டரோடு வைத்தியரிடம் போங்கள். இதற்கு மெலற்றோனின் என்ற மருந்தைக் குறித்த நேரத்தில் கொடுப்பதுண்டு.