அமரோனே: கோப்பையிலும் தட்டிலும்

இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே வால்போலிசெல்லா குன்றுகளில் பிறக்கும் சிவப்பு ஒயின் அமரோனே. அங்கே ஓர் உணவகத்தில் பல ஆண்டுகள் ஒயின் ஊற்றியவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அமரோனே இனிப்பு ஒயினா? முதல் வாயிலேயே இனிக்கிறதே!

இனிப்பு ஒயின் அல்ல. அதன் பெயரிலேயே கசப்பு இருக்கிறது. இத்தாலிய மொழியில் 'அமாரோ' என்றால் கசப்பு. கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகிய திராட்சைகளைப் பறித்ததும் பிழிவதில்லை. காற்றோட்டமான பரண்களில் மூன்று, நான்கு மாதம் பரப்பி வாட விடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வற்றிவிடும். மிஞ்சிய சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்தால் அமரோனே. நொதிப்பைப் பாதியில் நிறுத்தினால் ரெச்சோத்தோ என்ற இனிப்பு ஒயின். உங்கள் நாக்குக்கு இனிப்பாகத் தெரிவது, வாடிய பழத்தின் மணமும் 15, 16 சதவீத ஆல்கஹாலின் வழுவழுப்பும் சேர்ந்து செய்யும் வேலை. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு எழும். அதற்குக் காத்திருங்கள்.

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தானே பரிமாற வேண்டும்?

எந்த ஊர் அறை என்று பார்க்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி வரை சரியான அளவு. ஒரு ஜூலை இரவில் சமையலறை ஓரம் நின்றிருந்த புட்டியை அப்படியே எடுத்துப் போய் ஊற்றிவிட்டேன். பழம், மசாலா, கொக்கோ எல்லாம் மறைந்து ஆல்கஹால் நெடி மட்டும் மூக்கில் ஏறியது. விருந்தினர் முகம் சுளித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வெயில் காலமானால் இருபது, முப்பது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள்.

கேள்வி: வேறு குடுவைக்கு மாற்ற வேண்டுமா?

இளம் புட்டியானால் மாற்றுங்கள். அகன்ற குடுவையில் ஒரு மணி நேரம் போதும். பதினைந்து, இருபது ஆண்டு முதிர்ந்ததை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, மண்டி கலங்காமல் மெல்ல ஊற்றிக் குடியுங்கள். அதன் மணம் நெடுநேரம் தாங்காது.

கேள்வி: எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

பெரிய வயிறுள்ள கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் துணிக்கு மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நடுவே அடர் சிவப்பு. வயது ஏற ஏற விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். மூக்கை உள்ளே விடாமல் விளிம்புக்குச் சற்று மேலே வைத்து முகருங்கள். உள்ளே போனால் ஆல்கஹால் சுடும். உலர்ந்த செர்ரி, அத்திப்பழம், புகையிலை, கொக்கோ ஒவ்வொன்றாக வரும். பிறகு ஒரு சிறு மிடறு. துவர்ப்பு ஈறைப் பற்ற வேண்டும், ஆனால் உலர்த்திவிடக் கூடாது. எல்லாக் கனத்தையும் தாங்கிப் பிடிப்பது உள்ளே ஒளிந்திருக்கும் புளிப்பு. அது இல்லாத அமரோனே எனக்குப் பழப்பாகு போலத்தான் படும்.

கேள்வி: எந்த உணவோடு சேரும்?

நெடுநேரம் வெந்த இறைச்சியோடு. மாட்டிறைச்சியை ஒயினிலேயே மூன்று மணி நேரம் வேகவைக்கும் பிரசாத்தோ முதல் இடம். இறைச்சியின் கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கும். ஒயினின் புளிப்பு கொழுப்பை அறுக்கும். வெரோனாவில் வியாலோனே நானோ அரிசியில் அமரோனே ஊற்றிச் செய்யும் ரிசோட்டோ ஊதா நிறத்தில் தட்டுக்கு வரும். எலும்பு மஜ்ஜை, ரொட்டித்தூள், மிளகு சேர்த்துக் காய்ச்சும் பெயரா என்ற குழம்பை வெந்த இறைச்சியின் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள், அதற்கும் பொருந்தும். ஆனால் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான துணை, சாப்பாடு முடிந்தபின் வரும் முதிர்ந்த பாலாடைக்கட்டிதான்: மோந்தே வெரோனேசே அல்லது 24 மாதத்துக்கு மேல் முதிர்ந்த பார்மிஜானோ. மீன், சாலட், தக்காளிப் புளிப்பு மேலோங்கிய பாஸ்தா இவற்றோடு வேண்டாம்.

கேள்வி: காரமான மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா?

மிளகாய்க் காரமானால் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவு ஆல்கஹால் அந்த எரிச்சலை ஏற்றிவிடும். இரண்டின் சுவையும் கெடும். மிளகாயைக் குறைத்து, பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு போட்டு மெதுவாக வெந்த மட்டனானால் தாராளமாக ஊற்றலாம்.

கேள்வி: விலை கட்டுப்படியாகவில்லை. மாற்று உண்டா?

ரிப்பாஸ்ஸோ வாங்குங்கள். அமரோனே வடித்தபின் மிஞ்சும் சக்கையின் மேல் சாதாரண வால்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்கவிடுவது அது. ரிசோட்டோவுக்கும் அதுவே போதும்.

கேள்வி: இரண்டு பேரால் ஒரு புட்டியை முடிக்க முடியவில்லை.

முடிக்க வேண்டாம். தக்கையை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் நிற்கும். குடிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். இளம் புட்டியானால் இரண்டாம் நாள் மாலையில் துவர்ப்பு இன்னும் மென்மையாகியிருக்கும். அப்போது அந்தப் பாலாடைக்கட்டியை எடுத்து வையுங்கள்.