மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து எங்கே கிடைக்கும்?

கேள்வி: டாக்டரம்மா, எங்க அம்மாவுக்கு 63 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, 2 வருஷமாகத் தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டெல்லாம் வலி, இடியாப்பம் பிழியக்கூட முடியவில்லை. புற்றுநோய் பரவாமல் தடுக்க மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து வந்துவிட்டதாகச் சிங்கப்பூரிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்ப, அம்மா போன வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த மருந்து எங்கே கிடைக்கும்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: எந்தக் கடையிலும் கிடைக்காதும்மா, அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அம்மாவுக்குச் சிகிச்சை தரும் டாக்டருக்கு இன்றைக்கே போன் போட்டு, மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லிவிடுங்கள்.

தம்பி அனுப்பியது வெறும் புரளி இல்லை. நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சாமான் சீட்டு சமையல்கட்டுக்குப் போகுமே, அதுபோல செல்லுக்குள் எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று மரபணுவிலிருந்து சீட்டு போகும். அந்தச் சீட்டை நடுவழியில் மறித்துக் கிழிக்கிற சின்னஞ்சிறு துணுக்குதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993-ல் ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் 10பி என்ற வகை அதிகமானால் மார்பகப் புற்றுச் செல்லுக்கு இடம்பெயரும் சக்தி வருகிறது என்று 2007-ல் அமெரிக்காவில் காட்டினார்கள். 2010-ல் அதை அடக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது நுரையீரலுக்குப் பரவுவது நன்றாகக் குறைந்தது, ஆனால் மார்பில் இருந்த கட்டி சுருங்கவே இல்லை. எனக்கு இதில் நிஜமாகவே நம்பிக்கை உண்டு, ஏனென்றால் மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பரவல்தான்.

ஆனால் எலி வேறு, மனுஷர் வேறு. 34ஏ என்ற இன்னொரு வகையை மருந்தாக்கி, பல வகைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை, கடுமையான எதிர்ப்புசக்திக் கோளாறு வந்ததால் 2016-ல் நிறுத்த வேண்டியதாயிற்று.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குடித்து வளரும் புற்றுநோய்க்குத்தான் லெட்ரோசோல் தருவார்கள், பெரும்பாலும் 5 வருஷமாவது சாப்பிட வேண்டும். போன மாதம் காரைக்குடி ஆச்சி ஒருவர் பையிலிருந்து 3 மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார், இரண்டு பிரிக்கப்படவே இல்லை. அவருக்கும் மூட்டுவலிதான், யாரிடமும் சொல்லாமல் 20 நாள் நிறுத்தியிருக்கிறார். வலியைச் சொன்னால் வழி இருக்கிறதும்மா! அதே இனத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், சிலருக்கு டாமாக்சிஃபென் என்ற வேறு இன மாத்திரை ஒத்துவரும், தினமும் நடந்தாலே பலருக்கு வலி குறைகிறது. வைட்டமின் டி அளவும் எலும்பு அடர்த்தியும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அப்புறம், முதுகிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில் விடாமல் வலித்தால், மாத்திரையால்தான் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.